வீட்டுக் கணினிக்கு இட்ட காவல்: ஏழாண்டு அனுபவம்

எங்கள் வீட்டில் நால்வருக்கும் பொதுவாக இருப்பது ஒரே விண்டோஸ் கணினி. 2018ஆம் ஆண்டில் காணொளி இயக்கும் மென்பொருள் ஒன்றைத் தேடியபோது, தேடல் முடிவுகளின் உச்சியில் விளம்பரமாக நின்ற இணைப்பை அசல் தளம் என்று நம்பிச் சொடுக்கி, அங்கே கிடைத்த கோப்பை நிறுவிவிட்டேன். மாலைக்குள் உலாவியின் முகப்புப் பக்கமும் தேடுபொறியும் மாறிப்போயின; நான் கேட்காத நான்கு மென்பொருள்கள் உள்ளே குடியேறியிருந்தன. எல்லாவற்றையும் அழித்து விண்டோஸை மீண்டும் நிறுவ வேண்டியதாயிற்று. அதன்பின் செய்துகொண்ட ஏற்பாடுகளில் எவை உண்மையில் காத்தன என்பதையே இங்கே பகிர்கிறேன்.

கட்டண வைரஸ் தடுப்பு மென்பொருள் ஒன்றை ஓராண்டு பயன்படுத்திய பிறகு, விண்டோஸுடனேயே வரும் டிஃபெண்டருக்குத் திரும்பினேன். பாதுகாப்பில் குறை எதையும் நான் காணவில்லை.

பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது கணக்குகளைப் பிரித்ததுதான். விண்டோஸை நிறுவும்போது முதலில் உருவாகும் கணக்குக்கு நிர்வாகி உரிமை, அதாவது கணினி முழுவதற்குமான மென்பொருள்களை நிறுவவும் அமைப்புகளை மாற்றவும் உரிமை, உண்டு. பெரும்பாலான வீடுகளில் அதிலேயே அன்றாட உலாவலும் நடக்கிறது. நான் நிர்வாகிக்குத் தனிக் கணக்கும் கடவுச்சொல்லும் வைத்து, என்னுடையது உட்பட மற்ற எல்லாக் கணக்குகளையும் சாதாரணப் பயனர் கணக்குகளாக மாற்றினேன். 2021இல் மகள் விளையாட்டுக்கான துணை நிரல் ஒன்றை நிறுவ முயன்றபோது, கணினி நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்டதால் என்னிடம் வந்தாள். ஒரு கோப்பைப் பல தடுப்பு மென்பொருள்களைக் கொண்டு சோதித்துக் காட்டும் வைரஸ்டோட்டல் தளத்தில் அதை ஏற்றிப் பார்த்தபோது, அவற்றில் பல அதைத் தீநிரல் (தீங்கு செய்யும் மென்பொருள்) என்றே அடையாளம் காட்டின. (அங்கே ஏற்றும் கோப்புகள் பிறர் பார்வைக்கும் போகக்கூடும் என்பதால் சொந்த ஆவணங்களை ஒருபோதும் ஏற்றக் கூடாது.)

ஆயினும் இந்த ஏற்பாட்டுக்கும் எல்லை உண்டு. பயனரின் கணக்குக்குள்ளேயே இயங்கும் தீநிரலுக்கு நிர்வாகி உரிமை தேவையில்லை; அவருடைய ஒளிப்படங்களைப் பூட்டிப் பணம் கேட்கவும், உலாவியில் சேமித்த கடவுச்சொற்களையும் உள்நுழைவுக் குக்கீகளையும் (நாம் ஏற்கெனவே உள்நுழைந்திருப்பதைத் தளங்களுக்குக் காட்டும் சிறு பதிவுகள்) திருடவும் அந்தக் கணக்கே போதும். அதனால் மாதம் ஒருமுறை வெளி வன்தட்டில் காப்புநகல் எடுத்து, எடுத்தவுடன் அதைக் கழற்றிவிடுகிறேன். செருகியபடியே விட்டுவைத்தால், பூட்டும் தீநிரல் அந்த வன்தட்டையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

அடுத்த காவல் யூபிளாக் ஆரிஜின் என்னும் விளம்பரத் தடுப்பு நீட்சி (உலாவியோடு இணைத்துக்கொள்ளும் சிறு நிரல்). என் முதல் தொற்றே விளம்பர வழியாக வந்தது என்பதால், இதை வசதிக்கான கருவியாக நான் கருதுவதில்லை. குரோம் தன் நீட்சி விதிகளை மாற்றி, இதன் முழு வடிவம் அங்கே இயங்காது என்றானதும் பயர்பாக்ஸுக்கு மாறினோம். நாம் பார்க்கும் பக்கங்களையெல்லாம் படிக்கும் அனுமதி பல நீட்சிகளுக்கு இருப்பதால், இதைத் தவிர வேறு எதையும் வைத்துக்கொள்ளவில்லை.

திரையின் மூலையில் ‘உங்கள் கணினியில் வைரஸ் உள்ளது’ என்று நாள்தோறும் எழுந்த அறிவிப்புகள் அப்பாவை வெகுவாக அச்சுறுத்தின. கணினியில் எந்த வைரஸும் இல்லை. ஏதோ ஒரு தளத்துக்கு அவர் அறியாமல் கொடுத்திருந்த அறிவிப்பு அனுமதியே காரணம். அனுமதியை நீக்கி, இனி எந்தத் தளமும் அதைக் கேட்காதவாறு உலாவி அமைப்பை மாற்றியதும் அது நின்றது.

இப்போது எனக்குக் கவலை தருவது, ‘நீங்கள் மனிதர்தான் என உறுதிசெய்க’ என்று சொல்லி, விண்டோஸ் விசையுடன் ஆர் விசையை அழுத்தி, திறக்கும் கட்டளைப் பெட்டியில் எதையோ ஒட்டச் சொல்லும் போலிப் பக்கங்கள். பயனரே தம் கையால் இடும் கட்டளை என்பதால், மேற்சொன்ன காவல்கள் அனைத்தையும் அது கடந்துவிடக்கூடும். அத்தகைய பக்கத்தின் படம் ஒன்றைக் காட்டி வீட்டில் எல்லோருக்கும் விளக்கினேன். சென்ற மாதம் அப்பா அப்படி ஒரு பக்கத்தைக் கண்டதும் எதையும் அழுத்தாமல் என்னை அழைத்துக் காட்டினார், தாவலை மூடிவிட்டோம்.