பாலக்காட்டு ஆஸ்பத்திரியும் மிச்சிகன் மாத்திரைக் கணக்கும்

கொழிஞ்சாம்பாறையில் இருக்கும் அம்மாவுக்குப் பித்தப்பைக் கல். பாலக்காட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் லேப்ராஸ்கோபி (சின்னத் துளை போட்டுச் செய்யும் ஆபரேஷன்) ஆனது. அட்மிஷன், இன்சூரன்ஸ் எல்லாம் பரவாயில்லை. கவுண்டரில் தமிழிலேயே பேசினார்கள். நான் எழுத வந்தது வலி மாத்திரையைப் பற்றி.

அமெரிக்காவில் நான் இருக்கும் மிச்சிகனில் இதே ஆபரேஷனுக்கு ஒரு காலத்தில் ஓபியாய்டு, அதாவது பழக்கமாகிவிடக்கூடிய அபின் வகை வலி மாத்திரையை அள்ளிக் கொடுத்தார்கள். மிச்சிகன் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் கணக்குப் பார்த்தபோது, எல்லா ஓபியாய்டையும் மார்ஃபின் அளவுக்கு மாற்றிப் போட்ட கணக்கில் 250 மில்லிகிராம் எழுதிய இடத்தில் நோயாளிகள் விழுங்கியது 30 அளவுதான். மீதி வீட்டு அலமாரியில். இவ்வளவுதான் எழுதலாம் என்று வழிமுறை வந்ததும் 250 என்பது 75 ஆனது. மறுபடி மாத்திரை கேட்டு வந்தவர்கள் கூடவில்லை. 2018இல் வெளியான ஆய்வு இது.

அம்மாவுக்கு வீட்டுக்கென்று ஒரு ஓபியாய்டு மாத்திரைகூட எழுதவில்லை. வார்டில் டிரமடால் என்ற ஓபியாய்டு ஊசி போட்டதோடு சரி. டிரமடால் 2018இல் போதைப்பொருள் சட்டத்துக்குள் வந்துவிட்டதால் டாக்டர்களுக்கும் கை தயங்குகிறது. இத்தனைக்கும் கேரளம் மார்ஃபினைப் பார்த்து மிரளாத ஊர். 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி நிவாரணப் பணி அதைப் புற்றுநோயாளிகளின் வீடுவரை கொண்டுபோனது.

அதற்காக நம்மூர் முன்னோடி என்று சொல்லிவிட முடியாது. டிஸ்சார்ஜ் சீட்டில் அசிக்ளோஃபெனாக்கும் பாரசிட்டமாலும் சேர்ந்த மாத்திரை இரண்டு வேளை. கீழே, வலித்தால் போட, தனியாகப் பாரசிட்டமால் 650. இரண்டிலும் ஒரே மருந்து இருப்பதை யாரும் சொல்லவில்லை. அம்மாவுக்குப் பிரஷர் உண்டு, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும் கொஞ்சம் ஏறியிருக்கிறது. அசிக்ளோஃபெனாக் அப்படிப்பட்டவர்களின் சிறுநீரகத்துக்கு ஆகாது. வலியைப் பற்றிய விசாரணையோ ஒரே கேள்வி. “வேதனயுண்டோ அம்மே?” என்றார் சிஸ்டர். வயிற்றைப் பிடித்துக்கொண்டே “இல்லம்மா” என்றார் அம்மா. அவர் தலைமுறையில் யார்தான் வலிக்கிறது என்பார்கள்!

சர்ஜனிடம் கேட்டேன். முகம் சுளிக்காமல் அந்தக் கூட்டு மாத்திரையை அடித்துவிட்டு, பாரசிட்டமால் மட்டும் ஆறு மணி நேரத்துக்கு ஒன்று என்று எழுதினார். பக்கத்துக் கட்டிலில் இதே ஆபரேஷன் ஆன தத்தமங்கலத்து அக்காவுக்கு டாக்டர் வேறு, சீட்டும் வேறு. எல்லாருக்கும் பொதுவாக ஒரு பக்கம் அச்சடித்தால் போதும்: முதலில் எது, யாருக்கு எது கூடாது, தாங்காவிட்டால் எத்தனை டிரமடால், ராத்திரி வலித்தால் யாருக்குப் போன் போடுவது.

அந்தக் கடைசி விஷயத்தை ரிசப்ஷனில் கேட்டேன். ஓ.பி. நேரத்தை எழுதிக் கொடுத்தார்கள்.