நியூ பெத்தெஸ்டா ஆந்தை வீட்டுக்குப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்

தென்னாப்பிரிக்காவில் போர்ட் எலிசபெத்திலிருந்து ஒரே நாளில் அங்கே கூட்டிப்போய் வருகிறேன் என்று சொன்ன ஒருவரிடம் தலைக்கு 1,900 ரேண்டு கட்டி ஏமாந்தோம். அம்மா, தம்பி, நான், மூன்று பேர். பணம் போனதைக்கூட விட்டுவிடலாம். அம்மா பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்த இடம் அது. ஹெலன் மார்ட்டின்ஸ் என்ற அம்மாள் வாழ்ந்து, சிமெண்ட் சிலைகளால் நிரப்பிய வீடு; இப்போது அருங்காட்சியகம்.

நுழைவுக் கட்டணம், வழிகாட்டி எல்லாம் சேர்த்துத்தான் என்றார். காலை ஆறுக்கு வர வேண்டிய வண்டி எட்டே காலுக்கு வந்தது. வழியில் கிராஃப் ரெய்னெட் ஊரில் வேறொரு குடும்பத்துக்காக ஒரு மணி நேரம் காக்க வைத்தார். பிறகு சாப்பாடு. அதற்குப் பிறகு அவருக்குத் தெரிந்த கடை.

அந்தக் கடையில் ஒரு சிமெண்ட் ஆந்தை. "ஹெலன் மார்ட்டின்ஸ் கையாலேயே செய்தது, உறவுக்காரர்கள் விற்றது, இனிக் கிடைக்காது" என்றார். அம்மா கண் கலங்கிவிட்டார். 3,200 ரேண்டு. நான் தடுத்திருக்க வேண்டும்.

ஆந்தை வீட்டு வாசலுக்கு வந்தபோது மூட முக்கால் மணி நேரம் இருந்தது. டிக்கெட்டும் எடுத்திருக்கவில்லை, நாங்களே வாங்கினோம். டிக்கெட் கொடுத்த அம்மாள் பையிலிருந்த ஆந்தையைப் பார்த்ததுமே தலையை ஆட்டினார். அடியில் தேய்த்தால் சிமெண்ட் தூள் உதிர்ந்தது. ஹெலன் செய்தவை இந்த முற்றத்தில் நிற்கின்றன, விற்பனைக்கு இல்லை என்றார். ஊர்க்காரர்கள் தாங்கள் செய்த ஆந்தைகளைத் தங்கள் வேலை என்று சொல்லியே தெருவில் விற்கிறார்கள். விலையும் இதற்குப் பக்கத்தில் வராது.

முக்கால் மணி நேரத்தில் என்ன பார்ப்பது? வீட்டுக்குள் சுவரெல்லாம் அரைத்த கண்ணாடித் தூள், வெளிச்சம் பட்டால் மின்னுகிறது. பின்னால் ஒட்டக முற்றத்தில் நூற்றுக்கணக்கில் சிலைகள். ஒட்டகங்களும் ஞானிகளும் கிழக்கே பார்த்துப் போய்க்கொண்டிருக்கிறார்கள். வேலியில் கம்பியை வளைத்து 'இது என் உலகம்' என்று ஹெலன் எழுதியிருக்கிறார். அம்மா அதன்கீழ் நின்றபோதுதான் வண்டிக்காரர் ஹாரன் அடித்தார்.

இன்னொன்றும் மனதை அறுக்கிறது. எல்லாம் ஹெலன் தனியாகச் செய்தது என்றே வண்டிக்காரர் வழியெல்லாம் சொல்லிவந்தார். ஆட்டு ரோமம் கத்தரித்துப் பிழைத்த கூஸ் மால்காஸ், 1976இல் ஹெலன் இறக்கும்வரை பன்னிரண்டு ஆண்டுபோல அவரோடு சேர்ந்து சிமெண்ட் குழைத்து உருவம் கொடுத்தவர். பிற்காலத்தில் திரும்பி வந்து, சிதைந்த சிலைகளைச் சீர்செய்தவரும் அவர்தான். கூஸின் பெயரை வண்டிக்காரர் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. இந்த நாட்டுக்கு வந்த நம் பாட்டன்மார் கரும்புத் தோட்டத்தில் பெயரில்லாமல் உழைத்தவர்கள். நமக்கு அது வலிக்காதா?

பணத்தைத் திரும்பக் கேட்டதும் வாட்ஸ்அப்பில் பிளாக் செய்துவிட்டார். தனிக் கணக்குக்கு அனுப்பியது, ரசீது இல்லை. தயவுசெய்து யாரும் அப்படி அனுப்பாதீர்கள். சொந்த வண்டி இருந்தால் ஆர்75 சாலை வழியே கிராஃப் ரெய்னெட் போய், டேங்கை நிரப்பி, கையில் ரொக்கமும் வைத்துக்கொண்டு போங்கள். அங்கிருந்து நியூ பெத்தெஸ்டா ஐம்பது கிலோமீட்டர் சொச்சம்தான். இரவு அந்த ஊரிலேயே தங்குங்கள், ஒரே நாளில் போய்வர முயலாதீர்கள்.

ஆந்தையைத் தூக்கிப்போடலாம் என்றான் தம்பி. அம்மா விடவில்லை. பூஜை அறை ஜன்னலில் வைத்திருக்கிறார். "இதையும் யாரோ ஒருத்தன் கையால செஞ்சிருக்கான்டா, அவனுக்கு என்ன குடுத்தாங்களோ" என்றார்.