புனிதப் பள்ளத்தாக்கு: ஒரே நாள் குழுச் சுற்றுலாவா, ஓர் இரவு தங்கிப் பார்ப்பதா?

பெருவின் குஸ்கோ நகருக்கு வருகிறவர்கள், மச்சு பிச்சுவுக்கு அடுத்தபடியாக யோசிக்க வேண்டியது, பிசாக்கிலிருந்து ஒல்லாந்தாய்தாம்போ வரை உருபாம்பா ஆற்றையொட்டி நீளும், ஸ்பானியர் வருமுன் இங்கே ஆண்ட இன்காக்களின் புனிதப் பள்ளத்தாக்கை எப்படிப் பார்ப்பது என்பதைத்தான். ஒரு வழி குழுச் சுற்றுலா: காலை ஏழு மணியளவில் வேனில் ஏற்றிக்கொண்டு, வழிகாட்டியோடு மூன்று நான்கு தலங்களைக் காட்டி, இரவு ஏழு மணிவாக்கில் குஸ்கோவில் கொண்டுவந்து விடுவார்கள். மற்றொரு வழி, உள்ளூர் மக்கள் ஏறிச் செல்லும், கொலெக்திவோ என்ற பகிர்வு வேன்களில் நாமே போய், ஓர் இரவு பள்ளத்தாக்கிலேயே தங்கி, தலங்களின் வாசலில் நிற்கும் வழிகாட்டிகளில் ஒருவரை அமர்த்திக்கொள்வது. நான் முதலில் குழுவோடு போனேன். மனம் நிறையாததால் நான்கு நாள் கழித்து இரண்டாம் வழியில் மறுபடியும் போனேன். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது முறை: நேரம் இருப்பவர்கள் தங்கித்தான் பார்க்க வேண்டும்.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பகிர்வு வேன் மிக மலிவு. ஆனால் விடுதி வாடகையும் வழிகாட்டிக் கட்டணமும் சேரும்போது கணக்கு ஏறக்குறைய சமமாகிவிடுகிறது, தனியாகச் செல்பவருக்குக் கொஞ்சம் கூடவும் செய்யும். வசதியில் குழுச் சுற்றுலாவே மேல்.

முடிவைத் தீர்மானிப்பது நேரம்; அதிலும், தலத்துக்குள் நம் காலால் நடக்கக் கிடைக்கும் நேரம். குழுவோடு போன நாளில் நான் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்து வைத்தேன். பன்னிரண்டு மணி நேரத்தில் மலைச்சாலைப் பயணமே ஐந்து மணி நேரத்தை எடுத்துக்கொண்டது. உருபாம்பாவில் பஃபே மதிய உணவுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேலானது. வெள்ளி நகைக் கடையும் நெசவுப் பட்டறையுமாகச் சேர்ந்து இன்னொரு மணி நேரத்துக்கு மேல் போயிற்று. மீதி நேரம் பிசாக், ஒல்லாந்தாய்தாம்போ, சின்செரோ என்ற மூன்று தலங்களுக்கும் பங்கிடப்பட்டது. பிசாக்குக்கு எங்களுக்குக் கிடைத்தது ஒரு மணி நேரம். அதிலும் முதல் இருபத்தைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று விளக்கம் கேட்டதில் கழிந்தது.

இதில் பலர் கவனிக்காத ஒரு சிக்கல் இருக்கிறது. பிசாக், ஒல்லாந்தாய்தாம்போ, சின்செரோ, மோராய் ஆகிய நான்குக்குமான பகுதிச் சுற்றுலாச் சீட்டு, நான் சென்றபோது வெளிநாட்டவருக்கு 70 சோல் (பெருவின் நாணயம்). அது இரண்டு நாள் செல்லும். பதினாறு இடங்களுக்கான முழுச் சீட்டு 130 சோல். பத்து நாள் செல்லும். ஆனால் எந்தச் சீட்டானாலும் ஒவ்வொரு தலத்துக்கும் ஒரு முறைதான் துளையிடுவார்கள். அவசரமாகப் பார்த்துவிட்டு வெளியே வந்தால், சீட்டுக்கு நாள் மிச்சமிருந்தும் அந்த வாசலுக்குள் மறுபடி நுழைய முடியாது. இரண்டு நாள் செல்லும் சீட்டைக் குழுச் சுற்றுலா ஒரே நாளில் செலவழித்துவிடுகிறது. நான் இரண்டாம் முறை புதுச் சீட்டு வாங்கித்தான் உள்ளே போனேன்.

அந்த ஒரு மணி நேரம் எதை விடவைக்கிறது என்பதற்குப் பிசாக்கே சான்று. வேன்கள் மலைமேலிருக்கும் வாசலில் நிற்கின்றன. குழுக்கள் அதையடுத்த அடுக்கு வயல்களையும் குடியிருப்புச் சுவர்களையும் பார்த்து, எதிர்ப்பாறையில் துளைதுளையாகத் தெரியும், எப்போதோ கொள்ளையடிக்கப்பட்ட இன்காக் கல்லறைகளைத் தூரத்திலிருந்து படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகின்றன. இந்திவத்தானா என்ற கோயில் பகுதியோ மலைத்தோளைச் சுற்றிச் செல்லும் பாதையில், ஒரு சிறு குகை வழியையும் கடந்து, அப்பால் இருக்கிறது. இயற்கையாக எழுந்த பாறையொன்றை நடுவில் வைத்து, சாந்தே இல்லாமல், ஊசி நுழையாதபடி பொருத்திய சுவர்களால் அதை வளைத்திருக்கிறார்கள். அங்கிருந்து கீழே ஊர்வரை நடந்தே இறங்கலாம். எனக்கு நின்று நின்று வந்ததில் மொத்தம் மூன்றரை மணி நேரம் ஆயிற்று. வயல்களுக்கு நடுவே இறங்கி நடக்கும்போதுதான் ஒவ்வொரு அடுக்கின் சுவரும் ஆள் உயரத்துக்கு மேலிருப்பதும், சுவரில் துருத்தி நிற்கும் கற்கள் படிகளாகப் பயன்படுவதும் புலப்படுகின்றன. மேலிருந்து பார்த்தவருக்கு அவை வெறும் பச்சை வரிகள்.

ஒல்லாந்தாய்தாம்போவில் இரவு தங்குவதன் பலன் இன்னும் பெரிது. குழுக்கள் பெரும்பாலும் பிற்பகலில் வந்து குவிகின்றன. செங்குத்துப் படிகளில் ஒருவர் முதுகைப் பார்த்தபடி மற்றவர் ஏற வேண்டியிருக்கிறது. ஊரில் தங்கியவர் காலை ஏழு மணிக்கு வாசல் திறந்ததும் உள்ளே போய்விடலாம். உச்சியில் நிற்கும் ஆறு பெருங்கற்களின் முன் நான் அன்று ஏறக்குறைய தனியாக நின்றேன். ரயோலைட் என்ற எரிமலைப் பாறையில் வெட்டிய இளஞ்சிவப்புக் கற்கள் அவை. ஆற்றுக்கு அக்கரையில், சுமார் ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள கச்சிகத்தா மலையிலிருந்து வெட்டி இறக்கி, ஆற்றைக் கடத்தி, மறுபடி மலைமேல் ஏற்றியிருக்கிறார்கள். கட்டுமானம் முடியவில்லை, வந்து சேராத கற்கள் வழியிலேயே கிடக்கின்றன, அவற்றை ‘களைத்த கற்கள்’ என்று அங்கே அழைக்கிறார்கள். இன்கா மன்னர் பச்சாகுத்தி 15-ஆம் நூற்றாண்டில் தம் சொந்த நிலமாக அமைத்த இந்த இடத்தில்தான், 1537-இல், ஸ்பானியரை எதிர்த்துக் கிளர்ந்த இன்கா மன்னர் மாங்கோ இன்கா, ஸ்பானியத் தளபதி எர்னாந்தோ பிசாரோவின் குதிரைப்படையைச் சமவெளியில் ஆற்று நீரைத் திருப்பிவிட்டுத் தடுமாற வைத்துத் துரத்தினார். படைகள் எங்கே நின்றன, நீர் எந்தப் பக்கம் பாய்ந்திருக்கும் என்பதைப் படிமேல் உட்கார்ந்து பார்த்துப் புரிந்துகொள்ள எனக்கு நேரம் இருந்தது. படிகளும் பெருங்கற்களும் உள்ள இந்தக் கோட்டையைவிட, அதன் கீழுள்ள ஊரே எனக்கு அதிகம் பிடித்தது என்றும் சொல்ல வேண்டும். இன்காக்கள் வகுத்த தெருக்களில், அவர்கள் எழுப்பிய சுவர்களுக்குள், இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. தெருவோர வாய்க்கால்களில் தண்ணீர் ஓடுகிறது. எதிர்மலையான பிங்குயூனாவில் தானியக் களஞ்சியங்கள் இருக்கின்றன; அங்கே ஏறச் சீட்டே வேண்டாம். எங்கள் குழுவுக்கு அந்த மலையைக் கைகாட்டியதோடு சரி.

குழுச் சுற்றுலாவின் உண்மையான பலம் வழிகாட்டிதான், அதை மறுக்க மாட்டேன். எங்களுக்கு வந்தவர், இன்காக்கள் பேசிய கேச்சுவாவைத் தாய்மொழியாகக் கொண்டவர். ஒரு கல்லில் உள்ள புடைப்பு எதற்காக விடப்பட்டிருக்கலாம் என்று அவர் சொன்னது எனக்கு இரண்டாம் பயணத்திலும் உதவியது. வாசலில் அமர்த்தும் வழிகாட்டிகளின் தரம் ஆளுக்கு ஆள் மாறும். பிசாக்கில் எனக்குக் கிடைத்தவர் அருமையானவர், ஒல்லாந்தாய்தாம்போவில் கிடைத்தவர் மனப்பாடமாக ஒப்பித்தார். இரண்டே பேரை வைத்துப் பொதுவாக எதுவும் சொல்வது நியாயமாகாது. உரிமஅட்டையைப் பார்த்து, எந்தப் பகுதிவரை கூட வருவார் என்பதையும் பேசி முடித்துக்கொண்டு உள்ளே போவது நல்லது.

உயரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். குஸ்கோ ஏறக்குறைய 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஒல்லாந்தாய்தாம்போ 2,800 மீட்டரை ஒட்டி. கீழே தங்கிய இரவில் தலைவலியின்றி உறங்கினேன். குழுச் சுற்றுலாவோ நாள் முழுதும் நடந்து களைத்த பிறகு, கடைசியாக 3,700 மீட்டருக்கு மேலுள்ள சின்செரோவுக்கு ஏற்றுகிறது. எங்கள் வேனில் இருவர் அங்கே இறங்கவே இல்லை.

இரண்டாம் நாள் பிற்பகலில் வாடகைக் காரில் மோராயின் வட்ட அடுக்குகளையும் மாராஸ் உப்புப் பாத்திகளையும் பார்த்துக்கொண்டு சின்செரோ வழியாகக் குஸ்கோ திரும்பினேன். மாராஸுக்குத் தனிக் கட்டணம். அது அவ்வூர்ச் சமூகத்துக்குச் சேர்கிறது. இந்த ஐந்து இடங்களையும் ஒரே நாளில் காட்டும் சுற்றுலாக்களும் விற்கப்படுகின்றன. நான் அவற்றில் போனதில்லை. மேலே சொன்ன நேரக் கணக்கை வைத்துப் பார்த்தால் போகவும் துணிய மாட்டேன்.

நான் சென்றது ஜூலை மாதம், மழையற்ற காலம். நவம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில் பிசாக்கின் இறக்கம் எப்படி வழுக்கும் என்பதற்கு என் அனுபவம் உதவாது. முதியவர்களையோ சிறு பிள்ளைகளையோ அழைத்துச் செல்பவர்களும் வேன் மாறி மாறி ஏறுவதற்கு முன் யோசிக்க வேண்டும். ஒரே ஒரு நிலையில் மட்டும் நானே குழுச் சுற்றுலாவைத் தேர்ந்தெடுப்பேன்: அன்று மாலையே ஒல்லாந்தாய்தாம்போவிலிருந்து மச்சு பிச்சுவுக்கு ரயில் பிடிக்க வேண்டியிருந்தால். பையையும் வேனிலேயே வைத்துக்கொண்டு அங்கேயே இறங்கிவிடலாம் என்று பல முகவர்கள் ஒப்புக்கொள்கிறார்கள்; பணம் கட்டுமுன் அதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.