திருமலையில் விற்கும் உப்புத் தயாரிப்புப் பெட்டி: சாமான் பழுதில்லை, அட்டைதான் பிழை

திருகோணமலை நகரில் ஒரு புத்தகக் கடையில் அமில-மூலச் செய்முறைப் பெட்டி விற்கிறார்கள். 10, 11ஆம் தரப் பிள்ளைகளுக்கென்று கட்டியது. ஐதரோகுளோரிக் அமிலம், சல்பூரிக் அமிலம் (இரண்டும் லீற்றருக்கு 1 மூல்), சோடியம் ஐதரொட்சைட்டு வில்லைகள், செப்பொட்சைட்டுத் தூள், சலவைக்கல் துண்டுகள், பினோத்தலீன் (காரத்தில் இளஞ்சிவப்பாகும் காட்டி), பாசிச்சாயத்தாள் (லிட்மஸ்), 10 மி.லீ. சிரிஞ்ச் இரண்டு, கூம்புக் குடுவை, ஆவியாக்கற் கிண்ணம், வடிதாள் எல்லாம் உள்ளே இருக்கின்றன. குடுவை சூட்டைத் தாங்குகிறது, வடிதாள் கிழியவில்லை. கூட வைத்திருக்கும் செய்முறை அட்டையை அப்படியே பின்பற்றினால்தான் தொல்லை.

பெரிய பிழை, செப்பு சல்பேற்று என்ற நீல உப்பைத் தயாரிக்கும் செய்முறையில். 25 மி.லீ. சல்பூரிக் அமிலத்துக்கு 1.5 கிராம் செப்பொட்சைட்டு போடச் சொல்கிறது அட்டை. அந்த அமிலத்தில் 0.025 மூல் இருக்கிறது. அதைத் தீர்க்க 2 கிராம் ஒட்சைட்டாவது வேண்டும். 1.5 கிராமோடு நிறுத்தினால் கிட்டத்தட்டக் கால்வாசி அமிலம் மிஞ்சும். சல்பூரிக் அமிலம் தண்ணீரோடு ஆவியாகிப் போகாது. தண்ணீர் வற்ற வற்றச் செறிவாகி, பளிங்குகளைக் காயவிடாமல் பிசுபிசுக்க வைக்கும், கையில் பட்டால் சுடும். அமிலத்தைத்தான் மிஞ்ச விடக்கூடாது, ஒட்சைட்டு மிஞ்சலாம். அது கரையாது, வடிதாளில் நின்றுவிடும்.

ஆகவே 2.5 கிராம் எடுங்கள். அமிலத்தைக் கொதிக்கவிடாமல் சூடாக்கி, தூளைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கலக்குங்கள். நீலக் கரைசலின் அடியில் கறுப்புத் தூள் கரையாமல் தங்கினால் அமிலம் தீர்ந்துவிட்டது. சூட்டோடு வடியுங்கள், ஆறவிட்டால் வடிதாளிலேயே பளிங்கு கட்டிவிடும். வடிந்ததை 10 மி.லீ. அளவுக்கு வற்றவைத்து, கண்ணாடிக் கோலைத் தோய்த்துத் தூக்கிப் பாருங்கள். கோலில் பளிங்கு தோன்றினால் அடுப்பை நிறுத்திவிட்டு, இரவு முழுக்க அசைக்காமல் வையுங்கள். கணக்குப்படி 6.2 கிராம் வரவேண்டும், ஆனால் ஒரு பங்கு கரைசலிலேயே நிற்கும். 3 கிராம் கிடைத்தாலே நல்ல வேலை. அவசரப்பட்டு முழுக்க வற்றவைத்தால் பளிங்கு நீர் போய், நீலம் வெள்ளைத் தூளாகிவிடும். அட்டை இதைச் சொல்லவே இல்லை.

கறியுப்புச் செய்முறையில் பிழை இல்லை, ஆனால் ஏமாற்றம் உண்டு. அமிலத்தையும் காரத்தையும் லீற்றருக்கு 0.1 மூலாக ஐதாக்கி 25 மி.லீ. வீதம் கலந்தால் கிடைப்பது 0.15 கிராம், கிண்ணத்தில் ஒரு வெள்ளைப் பூச்சு, அவ்வளவுதான். நிலாவெளி உப்பளத்தைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு அது உப்பாகவே தெரியாது. ஐதாக்காமல் 1 மூலிலேயே செய்தால் ஏறத்தாழ 1.5 கிராம் வரும், சுரண்டி எடுக்கலாம். பினோத்தலீனோடு ஒருமுறை நியமித்து (அமிலம் தீரும்வரை காரத்தை அளந்து விட்டு) அளவைக் குறித்துக்கொண்டு, அதே அளவில் காட்டி இல்லாமல் திரும்பக் கலந்து வற்றவையுங்கள். இந்தச் செறிவில் கண் கண்ணாடி கட்டாயம், பெட்டியில் அது இல்லை. கிணற்றுத் தண்ணீர் சரிவராது. அதில் கரைந்திருக்கும் உப்புகளும் கிண்ணத்தில் தங்கி நிறையைக் கூட்டிவிடும். வடிநீர் வாங்குங்கள்.

நம் ஊர்க் காற்றுக்குப் பொருந்தாத ஒன்று, சோடியம் ஐதரொட்சைட்டை மெல்லிய பொலித்தீன் பையில் கட்டியிருப்பது. அது காற்றிலுள்ள ஈரத்தையும் காபனீரொட்சைட்டையும் இழுக்கும், மாரி காலத்தில் சொல்லவே வேண்டாம். வாங்கும்போது பையைக் குலுக்கிப் பாருங்கள். வில்லைகள் ஒட்டிக் கட்டியாகியிருந்தால் வேறு பெட்டி கேளுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோனதும் இறுக்கமான பிளாஸ்ரிக் மூடியுள்ள போத்தலுக்கு மாற்றுங்கள். கண்ணாடி மூடி வேண்டாம், காரம் பட்டு இறுகிவிடும். 100 மி.லீ. கரைசலுக்கு 4 கிராம் நிறுத்தாலும் அது சரியாக லீற்றருக்கு 1 மூல் என்று நம்பாதீர்கள். பெட்டியிலுள்ள அமிலத்தோடு நியமித்தே செறிவைக் காணுங்கள்.

சலவைக்கல்லைச் சல்பூரிக் அமிலத்தில் போடும் செய்முறையை விட்டுவிடுங்கள். சற்று நேரம் நுரைத்துவிட்டு நின்றுவிடும், ஏனென்றால் அதிகம் கரையாத கல்சியம் சல்பேற்று கல்லை மூடிக்கொள்கிறது. ஐதரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் கடைசிவரை கரையும். "உப்புக் கரைசல்கள் எல்லாம் நடுநிலையானவை" என்ற வரியையும் அடித்துவிடலாம். அமோனியம் குளோரைட்டுக் கரைசல் அமிலத்தன்மையானது, சோடியம் காபனேற்றுக் கரைசல் மூலத்தன்மையானது.

சிரிஞ்சில் 0.2 மி.லீ.க்கு ஒரு கோடு. ஓ.எல். பிள்ளைக்கு அது போதும், 10 மி.லீ.க்கு மேல் நியமிக்காவிட்டால். திரும்ப நிரப்பும் ஒவ்வொரு முறையும் வழு கூடும். அமிலத்துக்குள் காரத்தைத் துளித்துளியாக விட்டு, மெல்லிய இளஞ்சிவப்பு 30 செக்கன் நின்றால் முடிவுப்புள்ளி. பிறகு நிறம் மங்கினால் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டின் வேலை, மேலும் காரம் விடாதீர்கள். ஏ.எல். பிள்ளைகள் இந்தக் காசை ஒரு 50 மி.லீ. கண்ணாடி அளவிக்கு (பியூரெட்டு) சேர்த்து வைக்கலாம்.

பினோத்தலீன் மதுசாரத்தில் கரைத்தது. போத்தலை விளக்குக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம்.