பெயர் அழிந்த சைக்கிள் வேறு, அழிக்கப்பட்ட சைக்கிள் வேறு

கிளிநொச்சி மாவட்டத்துப் பரந்தன் பக்கத்தில் வீட்டு முற்றத்தில் வைத்துப் பழைய சைக்கிள் விற்கும் ஒருவரிடம் கடந்த மாசி மாதம் 82,000 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். ஆளின் பெயரை எழுதப் போவதில்லை. அவர் சொல்லும் கதையை எழுதுகிறேன். அந்தக் கதை உங்கள் காதில் விழுந்தால் ஆளைத் தெரிந்துகொள்வீர்கள்.

கதை இதுதான். "1974 ஆம் ஆண்டு இங்கிலாந்து ரூரிங் சைக்கிள், சேர். தொண்டு நிறுவனத்தில் வேலை செய்ய வந்த வெள்ளைக்காரர் ஒருவர் கொண்டுவந்தது. திரும்பிப் போகும்போது விட்டுவிட்டுப் போனார். பெயரும் ஸ்டிக்கரும் வெயிலில் அழிந்துவிட்டன. ஆனால் குழாய் 531. தட்டிப் பாருங்கள், கோயில் மணிபோலக் கேட்கும்."

ரூரிங் என்றால் சுமையேற்றி நெடுந்தூரம் போகச் செய்த சைக்கிள். 531 என்பது சைக்கிள் சட்டம் (பிறேம்) செய்யும் பேர்போன ஆங்கில உருக்குக் குழாய். தட்டிப் பார்த்தேன். மணிபோலத்தான் கேட்டது. உள்ளே வெறுமையாக இருக்கும் எந்தக் குழாயைத் தட்டினாலும் அப்படித்தான் கேட்கும் என்பது வீட்டுக்கு வந்த பிறகு தோன்றியது. நான் பௌதிகவியல் படிப்பிக்கிறவன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

'இங்கிலாந்து' என்ற சொல்லுக்கு நான் மயங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. அப்பாவிடம் இங்கிலாந்தில் செய்த ஒரு றலிச் சைக்கிள் இருந்தது. எரிபொருள் தடை இருந்த தொண்ணூறுகளில் எங்கள் வீட்டுக்கு அதுதான் கார், லொறி, அம்புலன்ஸ் எல்லாம். நெல்மூட்டையும் அதில்தான் போனது, காய்ச்சலோடு என்னைத் தருமபுரம் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனதும் அதில்தான். 2009 இல் இறுதிப் போரின்போது மாத்தளன் வரைக்கும் உருட்டிக்கொண்டு போய், பிறகு அங்கேயே விட்டோம். அந்தச் சைக்கிளின் செயின் சில்லில் மூன்று கொக்குத் தலைகள் வெட்டியிருக்கும். றலி என்று எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியாத வயதிலேயே கொக்கைப் பார்த்து றலி என்று சொல்வேன். ஹம்பர் என்றால் முன்சில்லைத் தாங்கும் போர்க்கின் ஒவ்வொரு காலும் இரட்டைக் குழாயாக இருக்கும். றட்ஜ் என்றால் சில்லில் ஒரு கை. பெயிண்ட் முழுவதும் உரிந்துபோனாலும் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இவற்றைக் கொண்டு இனம் சொல்லிவிடுவார்கள். அந்த வித்தையில் கால்வாசியாவது எனக்கும் ஒட்டியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டுதான் பரந்தனுக்குப் போனேன்.

ஆனால் ரூரிங் சைக்கிளில் கொக்கும் இல்லை, கையும் இல்லை. வளைந்த ஹாண்டில், பன்னிரண்டு கியர், பின்னால் அழகான கரியர், கடும் பச்சை நிறம். அந்தப் பச்சையில் தின்னர் மணம் இன்னும் போகவில்லை. அப்போதே நான் கேட்டிருக்க வேண்டும்: 50 வருடச் சைக்கிளுக்கு ஏன் இந்த வாரம் பெயிண்ட் அடித்தீர்கள்? கேட்கவில்லை. 95,000 சொன்னார். 82,000க்கு இறக்கிவிட்டோம் என்ற பெருமையோடு ஓட்டிக்கொண்டு வந்தேன். ரசீதும் கேட்கவில்லை.

முதல் பயணம் பூநகரிக்கு. அங்கிருந்து சங்குப்பிட்டிப் பாலம் தாண்டிக் கேரதீவுப் பக்கம் போய் வருவது எண்ணம். கரியரில் இரண்டு பக்கமும் பை, தண்ணீர், மாற்று உடுப்பு எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு கிலோ இருக்கும். பரந்தன் சந்தி தாண்டி இரண்டு கிலோமீற்றர் போகவில்லை, ஒவ்வொரு மிதிக்கும் குதிக்கால் பையில் அடித்தது. பையைப் பின்னுக்குத் தள்ளிக் கட்டினேன். முன்சில்லு ஆடத் தொடங்கியது. ஹாண்டிலில் பிடியைக் கொஞ்சம் தளர்த்தினால் வண்டி இடப்பக்கமாக வயலுக்குள் இறங்கப் பார்த்தது. அந்த வெளியில் காற்றும் சும்மா விடாது. பூநகரியைக் காணாமலே திரும்பினேன்.

முரசுமோட்டையில் ஒரு பழைய சைக்கிள் திருத்துநர் இருக்கிறார். எழுபது வயது தாண்டிவிட்டது. அவரிடம் கொண்டுபோனேன். அவர் ஓட்டிப் பார்க்கவில்லை, தட்டிப் பார்க்கவும் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்தார். நான் நாற்பது நிமிடம் சுற்றிச் சுற்றிப் பார்த்த சாமானை ஒருமுறைகூடக் கவிழ்க்கவில்லை என்பது அந்தக் கணத்தில்தான் உறைத்தது.

பெடல் அச்சு ஓடும் கூட்டின் அடிப்பக்கத்தில்தான் பெரும்பாலான சட்டங்களுக்குத் தொடர் இலக்கம் அடிப்பார்கள். அங்கே விரலை வைத்துத் தடவினார். மட்டமாக இருந்தது. ஸ்குறூ ட்றைவரால் சுரண்டினார். பச்சைப் பெயிண்டுக்குக் கீழே புட்டி, புட்டிக்குக் கீழே கிறைண்டர் ஓடிய கோடுகள். இலக்கம் இருந்த இடத்தை அராவிப் புட்டி பூசி மூடியிருந்தார்கள்.

"பெயர் அழிந்த சைக்கிள் வேறு தம்பி, அழிக்கப்பட்ட சைக்கிள் வேறு," என்றார் ஐயா. "ஸ்டிக்கர் வெயிலில் போகும். இரும்பில் அடித்த இலக்கம் வெயிலில் போகாது."

அடுத்தது சீற்றைத் தாங்கும் கம்பி. வெளியே இழுத்து, அதில் வெட்டியிருந்த அளவைக் காட்டினார்: 25.4. இது எதைச் சொல்கிறது என்பதை நானே கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தேன், தாமதமாகத்தான். அந்தக் காலத்துச் சட்டங்களில் சீற் குழாயின் வெளி விட்டம் வழக்கமாக 28.6 மில்லிமீற்றர். 28.6 இலிருந்து 25.4 ஐக் கழித்தால் 3.2. இரண்டால் வகுத்தால் குழாய்ச் சுவரின் தடிப்பு ஒன்றரை மில்லிமீற்றருக்கு மேல். அது தண்ணீர்க் குழாய்க்கு அண்ணன் முறை. 531 என்பது பேர்மிங்ஹாமின் றெனோல்ட்ஸ் நிறுவனம் 1935 இல் கொண்டுவந்த மங்கனீசு மொலிப்டினம் உருக்குக் குழாய். உறுதி கூடியது என்பதால் சுவரை மெல்லியதாக இழுக்கலாம். நல்ல 531 சட்டத்தில் 27.2 அல்லது அதற்குச் சற்றுக் குறைந்த கம்பிதான் இறங்கும். ஆகவே ஒருவர் 531 என்று சொன்னால் தட்டாதீர்கள். சீற் கம்பியைக் கழற்றி அளவுங்கள். பாடசாலை ஆய்வுகூடத்தில் எட்டு வேணியர் இடுக்கிமானிகள் வைத்திருக்கிறேன். ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகத் தோன்றவில்லை.

பிறகு பின் கியர் மாற்றி. அதைக் கழற்றிப் பின்பக்கம் துடைத்தால் இரண்டு ஆங்கில எழுத்துகள்: கே, சி. ஷிமானோ என்ற ஜப்பான் நிறுவனத்தின் சாமான்களில் அந்தக் காலத்தில் இப்படி இரண்டு எழுத்து அடிப்பார்கள். முதல் எழுத்து ஆண்டு. ஏ என்றால் 1976, பி என்றால் 1977, அப்படியே எண்ணிக்கொண்டு போகலாம். இரண்டாவது எழுத்து மாதம். எண்ணிப் பாருங்கள்: 1986 மார்ச். ஒரு சாமானை எவரும் மாற்றிப் போடலாம், அதனால் ஒன்றை மட்டும் நம்பக் கூடாது. கிறாங்கையும் பிறேக்கையும் பார்த்தோம். இரண்டிலும் கே. மூன்று சாமான்கள் ஒரே ஆண்டைச் சொன்னால் சைக்கிள் பிறந்த ஆண்டு அதுதான் என்று ஏறக்குறைய முடிவு கட்டலாம். மூன்று கியர் ஸ்டர்மி ஆர்ச்சர் ஹப் போட்ட பழைய ஆங்கிலச் சைக்கிள்களுக்கு இது இன்னும் இலகு. ஹப்பின் மேலேயே ஆண்டின் கடைசி இரண்டு இலக்கமும் மாதமும் இருக்கும். 68, 4 என்று கண்டால் 1968 சித்திரை.

பின் போர்க்கின் உள் இடைவெளி 126 மில்லிமீற்றர், பின்னால் ஆறு பல்சில்லுகள். 1974 இல் வந்த வண்டிக்கு ஐந்தும் 120 உம்தான் வழக்கம். சில்லு 700சி. அந்தக் காலத்து இங்கிலாந்து ரூரிங் சைக்கிள்கள் பெரும்பாலும் 27 அங்குலச் சில்லில்தான் ஓடின.

அதுவரைக்கும் எனக்குக் கோபம் மட்டுந்தான். பயம் வந்தது அடுத்ததில்.

ஐயா ஒரு பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத் துண்டைத் துணியில் சுற்றி வைத்திருக்கிறார். அதைக் கீழ்க் குழாயில் மெதுவாக இழுத்துக்கொண்டு போனார். ஹாண்டில் கழுத்துக்கு நான்கு விரல் கீழே வந்ததும் காந்தம் பிடி விட்டு வழுக்கியது. அங்கே புட்டி. சுரண்டினோம். குழாய் அடிப்பக்கத்தில் தொப்பை போட்டிருந்தது, மேலே மடிப்பு. எங்கேயோ நேருக்கு நேர் மோதிய சைக்கிள். இடித்து நிமிர்த்தி, மடிப்பைப் புட்டியால் நிரப்பி, பச்சை அடித்து, பன்னிரண்டு கிலோவோடு பூநகரிக்குப் போக எனக்கு விற்றிருக்கிறார். அந்த மடிப்பு வெடித்திருந்தால் முன்சில்லு தனியாகவும் நான் தனியாகவும் போயிருப்போம்.

நூல் சோதனையும் செய்தோம். பின் அச்சு பொருந்தும் ஒரு பக்கத்து வாயில் நூலைக் கட்டி, ஹாண்டில் கழுத்துக் குழாயைச் சுற்றி, மற்றப் பக்கத்து வாய்க்குக் கொண்டுவந்து இறுக்கிக் கட்ட வேண்டும். பிறகு சீற் குழாய்க்கும் நூலுக்கும் இடையிலான தூரத்தை இரண்டு பக்கமும் அளக்க வேண்டும். நேரான சட்டத்தில் இரண்டும் சமம். என்னுடையதில் ஒரு பக்கம் 33 மில்லிமீற்றர், மற்றப் பக்கம் 25. பச்சைப் பெயிண்டால் மறைக்க முடியாத ஒன்று இதுதான், பத்து ரூபாய் நூலுக்குப் பிடிபடும்.

சைக்கிள் எங்கிருந்து வந்தது என்பதும் வெளியே வந்தது. சீற் குழாயில் பெயிண்ட் ஓரிடத்தில் நீள்சதுரமாகத் தடித்திருந்தது. தின்னர் போட்டுத் துடைத்தபோது ஜப்பான் எழுத்துகளோடு ஒரு ஸ்டிக்கர். ஜப்பானில் சைக்கிள் வாங்கினால் களவுத் தடுப்புப் பதிவு செய்து ஒட்டுவார்கள் அல்லவா, அதுதான். கொழும்புக்குக் கொள்கலனில் வந்து இறங்கி, நாடெங்கும் 'ஜப்பான் சைக்கிள்' என்று விற்கப்படுபவற்றில் ஒன்று. வெள்ளைக்காரரும் இல்லை, தொண்டு நிறுவனமும் இல்லை.

ஜப்பான் சைக்கிள் மட்டம் என்று நான் சொல்லவே இல்லை. எண்பதுகளில் மியாத்தா, பனசொனிக், பிறிட்ஜ்ஸ்டோன் எல்லாம் ஆங்கிலேயரைத் தலைகுனிய வைக்கும் ரூரிங் சைக்கிள்கள் செய்தன. அப்படி ஒன்றை அதன் பெயரிலேயே காட்டியிருந்தால் மகிழ்ச்சியோடு காசு கொடுத்திருப்பேன். ஆனால் இது ரூரிங் சைக்கிளே இல்லை. வளைந்த ஹாண்டில் வைத்ததெல்லாம் ரூரிங் ஆகாது. பெடல் அச்சிலிருந்து பின் அச்சு வரைக்கும் அளந்து பாருங்கள். சுமை ஏற்றச் செய்த சட்டத்தில் அது 43 முதல் 46 சென்ரிமீற்றர் வரை நீளும், பையில் குதிக்கால் படாமல் இருக்கத்தான். என்னுடையது 41. கரியரையும் மட்காட்டையும் பூட்டுவதற்கு முன்னும் பின்னும் சட்டத்திலேயே துளையிட்ட காதுகள் இருக்கும். என்னுடையதில் கரியர் பட்டி போட்டு இறுக்கப்பட்டிருந்தது. சில்லுக்கும் போர்க்குக்கும் நடுவே தடித்த ரயரும் மட்காட்டும் போக இடம் இருக்கும். என்னுடையதில் விரல் நுழையாது. பழைய ஆங்கில வண்டி என்றால் முன்சில்லுக்கு 32 கம்பி, பின்சில்லுக்கு 40 என்று எண்ணிக்கை வேறுபடும். எண்ணிப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

இன்னொன்று, எங்கள் பக்கத்தாருக்கு மட்டும். உண்மையாகவே நல்ல பழைய சட்டம் கிடைத்தாலும் பெடல் அச்சுக் கூட்டின் புரியைப் பாருங்கள். ஆங்கிலப் புரியும் ஜப்பான் புரியும் ஒன்றுதான், வலப்பக்கக் கோப்பை இடம்புரி, சாமான் கிடைக்கும். பிரெஞ்சுப் புரியும் இத்தாலியப் புரியும் இரண்டு பக்கமும் வலம்புரி, அளவும் வேறு. றலி தன் தொழிற்சாலைக்கென்று அங்குலத்துக்கு 26 புரி வைத்திருந்தது, மற்ற ஆங்கிலச் சட்டங்களில் 24. இவற்றில் ஒன்று தேய்ந்தால் கிளிநொச்சியில் நின்றுகொண்டு யாரிடம் கேட்பீர்கள்?

விற்றவரிடம் திரும்பிப் போனேன். ஸ்டிக்கரைக் காட்டினேன், நூல் கணக்கைச் சொன்னேன். "பழைய சாமான் சேர், நீங்கள் பார்த்துத்தானே எடுத்தீர்கள்?" என்றார். இலக்கம் ஏன் அராவப்பட்டிருக்கிறது என்று கேட்டபோது மட்டும் முகம் மாறியது. தனக்கு வந்தபோதே அப்படித்தான் இருந்தது என்றார். 30,000 தருகிறேன், விட்டுவிட்டுப் போங்கள் என்றார். விடவில்லை. விட்டால் புதுப் பெயிண்டில் இன்னொருவர் தலையில் விழும் என்பது தெரிந்தது. ரசீது இல்லாததால் முறைப்பாட்டில் காட்ட என்னிடம் எதுவும் இல்லை. சட்டம் இப்போது ஐயாவின் கொட்டிலில் தொங்குகிறது. சில்லுகளை மட்டும் கழற்றிப் பாவிக்கிறேன்.

இதை எழுத நேர்ந்தது போன கிழமை. என்னிடம் படித்த பையன் ஒருவன் தொலைபேசியில் ஒரு படம் அனுப்பினான். அதே முற்றம், அதே கடும் பச்சை, வளைந்த ஹாண்டில். "1974 இங்கிலாந்து வண்டியாம் சேர், எடுக்கலாமா?" என்று கேட்டிருந்தான். கவிழ்த்து அடியைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். கவிழ்க்க விடமாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டாராம்.