தூதரகம் நகர நடுவிலா, தள்ளியா?
கிளிநொச்சி, முல்லைத்தீவிலிருந்து இரவு பஸ் ஏறி வீசாவுக்காகக் கொழும்புக்குப் போகிற எங்கள் சனத்துக்கு, தூதரகம் நகர நடுவில் இருந்தால்தான் வசதி. ஆனால் 1998 ஓகஸ்ட் 7 இல் கிழக்கு ஆபிரிக்காவில் இரண்டு அமெரிக்கத் தூதரகங்களைக் குண்டு வைத்துத் தாக்கியதை நினைத்தால் அந்த வசதியே பயமாக இருக்கிறது.

கென்யத் தலைநகர் நைரோபியில் அமெரிக்கத் தூதரகம் நெரிசலான சந்தியில், தெருவை ஒட்டி நின்றது. லொறிக்குண்டுக்கு முன் கேட்ட சத்தத்தில் அக்கம்பக்கத்தவர்கள் ஜன்னலுக்கு வந்தார்கள். கண்ணாடிச் சிதறல் பலரின் பார்வையைப் பறித்தது. 213 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் கென்யர்கள். ஷெல்லடிக்குள் வாழ்ந்த வன்னிச் சனத்துக்குச் சிதறல் என்ன செய்யும் என்று சொல்லவா வேண்டும்? அதே காலை தான்சானியாவின் தார் எஸ் சலாமில், நெரிசல் குறைந்த இடத்தில், 11 பேர். குண்டு லொறிக்கும் தூதரகத்துக்கும் நடுவில் நின்ற தண்ணீர் பவுசரும் வெடிப்பை ஓரளவு தாங்கியது.

வீதியிலிருந்து சுமார் 30 மீற்றர் தள்ளிக் கட்டச் சொல்லி அமெரிக்க ஆலோசனைக் குழு 1985 இலேயே பரிந்துரைத்திருந்தது. நைரோபியின் புதிய தூதரகம் குண்டுவெடிப்புக்குப் பிறகுதான் புறநகரான கிகிரிக்குப் போனது.

ஓட்டோக் காசு கூடினாலும் தள்ளி இருப்பதே சரி என்பேன். ஆனால் மதிலுக்கு வெளியே, வெயிலில் பைலோடு வரிசையில் நிற்கிற அம்மாவை அந்த மதில் காக்காது. சோதனை முடிந்ததும் அவர்களை உள்ளே இருத்த இடம் வேண்டும்.