குரூப் 4-க்குத் திட்டமிட எது உதவும்: நோட்டா, கூகுள் கேலண்டரா, ஷீட்டா?

வேலைக்குப் போய்க்கொண்டே டிஎன்பிஎஸ்சி குரூப் 4-க்குப் படிப்பவருக்கு இலக்கில் குழப்பம் கிடையாது. 3 மணி நேரத்தில் 200 கேள்விகள், 300 மதிப்பெண். அதில் தமிழ் 100 கேள்விகள், பொது அறிவு 75, திறனறிவு 25. தமிழில் 40 சதவீதம், அதாவது 150-க்கு 60 எடுக்காவிட்டால், மற்றதில் எவ்வளவு எடுத்தும் பயனில்லை. இவ்வளவு தெளிவாக இருந்தும் பெரும்பாலான அட்டவணைகள் ஒரு மாதம் தாண்டுவதில்லை. காரணம் சோம்பல் என்று சொல்லிவிடுவது சுலபம். பல நேரம் கணக்கே இடிக்கிறது.

எனவே கருவியைத் தேர்ந்தெடுக்கும் முன் மணிக்கணக்கு. வார நாட்களிலும் சனிக்கிழமையும் தினம் 2 மணி நேரம், ஞாயிறு 4 மணி நேரம் என்றால் வாரத்துக்கு 16. இதில் 12-க்கு மட்டும் திட்டம் போடுங்கள். மீதி 4 மணி நேரம் காய்ச்சலுக்கும் கல்யாண வீட்டுக்கும் ஓவர்டைமுக்கும். ஒரு வேலைக்கு ஆகும் நேரத்தை மனிதர்கள் குறைத்தே மதிப்பிடுவார்கள் என்று உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979-இலேயே எழுதிவிட்டார்கள். படிப்பு அதற்கு விலக்கல்ல.

இனி பாடங்களை ஒரே அமர்வில், 90 நிமிடத்தில், முடிக்கக்கூடிய துண்டுகளாகப் பிரியுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் மூன்று ரிவிஷன்: மறுநாள், 7-ஆம் நாள், 21-ஆம் நாள். ஒரு ரிவிஷனுக்கு 20 நிமிடம். வாரம் 5 துண்டு என்று தொடங்கினால் முதல் வாரம் 9 மணி 10 நிமிடத்தில் முடிந்துவிடும்; தெம்பாக இருக்கும். இரண்டாவது, மூன்றாவது வாரங்களில் 10 மணி 50 நிமிடம். நாலாவது வாரம் மூன்று சுற்று ரிவிஷனும் ஒன்றாக வந்து சேர, 12 மணி 30 நிமிடம் ஆகிறது. திறனறிவுக் கணக்கை இன்னும் தொடவே இல்லை. அட்டவணை சரிவது இங்கேதான். 4 துண்டாகக் குறைத்தால் நாலாவது வாரத்திலும் 10 மணி நேரம். திறனறிவுக்கு 2 மணி நேரம் மிஞ்சும்.

இந்த அளவு கையில் இருந்தால் எந்தக் கருவியும் ஓரளவு வேலை செய்யும். வித்தியாசம் ஒரே இடத்தில் தெரியும்: செவ்வாய்க்கிழமை படிக்க முடியாமல் போனது, புதன்கிழமை எங்கே இருக்கும்?

192 பக்க நோட்டு

நோட்டில் அது செவ்வாய்க்கிழமைப் பக்கத்திலேயே கிடக்கும். நீங்களே எடுத்து எழுதினால்தான் புதனுக்கு வரும். இதைக் குறை என்பார்கள். உண்மையில் நோட்டின் பெரிய பலம் இதுதான். ஒரே வரியை மூன்றாவது முறை கையால் எழுதும்போது, ‘இதை நிஜமாகப் படிக்கப் போகிறோமா, இரண்டாகப் பிரிக்க வேண்டுமா, விட்டுவிடலாமா’ என்ற கேள்வி தானாக வரும். வேலைகளைக் குறியீடுகளோடு நோட்டில் பட்டியலிடும் ‘புல்லட் ஜர்னல்’ முறையில் இப்படி மாற்றி எழுதுவதைக் கட்டாயப் படியாகவே வைத்திருக்கிறார்கள்.

இடப்பக்கம் வாரத்தின் 4 துண்டுகள், வலப்பக்கம் நாள் வாரியான வரிகள். முடிந்ததற்கு டிக், தள்ளியதற்கு அம்பு, விட்டதற்குக் குறுக்குக் கோடு. குறியீடு இந்த மூன்றோடு நிற்கட்டும். ஸ்கெட்ச் பேனா ஆறு நிறத்தில் வாங்கி, தலைப்புக்கு ஒரு மணி நேரம் பூவேலை செய்யும் நோட்டுகள் படிக்கும் நேரத்தைத்தான் தின்னும்.

நோட்டு தடுமாறும் இடம் ரிவிஷன். 21 நாள் கழித்து வர வேண்டியதை மூன்று வாரம் முன்னால் தள்ளி எழுதிவைக்க வேண்டும். 40 துண்டு தாண்டியதும் எது எத்தனை முறை திரும்பிப் பார்த்தது என்று பக்கம் புரட்டித் தேடத்தான் வேண்டும்.

கூகுள் கேலண்டர்

இங்கே பலரும் செய்யும் தவறு, படிக்க வேண்டியதை ‘ஈவென்ட்’ ஆகப் போடுவது. காலை 5 முதல் 6.30 வரை தமிழ் இலக்கணம் என்று கட்டம் கட்டியாயிற்று. தூங்கிப் போனாலும் அந்தக் கட்டம் அப்படியே நேற்றாகிவிடும். படித்த நாளும் படிக்காத நாளும் திரையில் ஒரே மாதிரி இருக்கும். ‘டாஸ்க்’ ஆகப் போட்டால், முடித்ததாகக் குறிக்கும்வரை நிலுவையில் நிற்கும். ஆகவே நேரத்தை ஒதுக்க ஈவென்ட், பாடத்துக்கு டாஸ்க். ஆனால் தினமும் திரும்ப வரும் டாஸ்க் வேண்டாம். ஒரு வாரம் ஊருக்குப் போய்வந்தால் நிலுவை குவிந்து நிற்கும். பார்த்ததும் செயலியை மூடிவிடத் தோன்றும்.

கேலண்டரின் உண்மையான பலம் நினைவூட்டல். ‘சாப்பாட்டு நேரத்தில் 12.45-க்கு 10 கணக்கு’ என்று நேரத்தோடும் இடத்தோடும் சேர்ந்த முடிவு, ‘இன்று கணக்கு போட வேண்டும்’ என்பதைவிட நடக்க வாய்ப்பு அதிகம். தாம்பரம் - கடற்கரை மின்சார ரயிலில் போகிறவர் அந்தப் பயண நேரத்துக்கு ஒரு ரிவிஷனைக் கட்டிவைக்கலாம். சில ஆண்ட்ராய்டு போன்களில் பேட்டரி சேமிப்பு முறை அறிவிப்பை அமுக்கிவிடும். செட்டிங்ஸில் கேலண்டருக்கு மட்டும் விலக்கு கொடுங்கள்.

பாடத்திட்டத்தில் எவ்வளவு முடிந்தது என்று கேட்டால் கேலண்டரிடம் பதில் இல்லை.

கூகுள் ஷீட்ஸ்

அந்தப் பதிலை ஷீட் தரும். ஒரு துண்டுக்கு ஒரு வரிசை. பத்திகள்: பாடம், முதல் வாசிப்புத் தேதி, மூன்று ரிவிஷன் தேதிகள், ஒவ்வொரு ரிவிஷனுக்கும் முடித்ததற்கான டிக், போட்ட கேள்விகள், சரியானவை. ரிவிஷன் தேதிக்குச் சூத்திரம் போதும்: முதல் தேதியோடு 1, 7, 21 கூட்டு. தேதி கடந்தும் செய்யாதவை சிவப்பாக மாற ‘கண்டிஷனல் ஃபார்மட்டிங்’. தவறவிட்ட செவ்வாய்க்கிழமை இங்கே ஒளிய முடியாது.

சிக்கல் இரண்டு. முதல் வாசிப்புத் தேதி காலியாக இருக்கும்போது 7 கூட்டினால் 1900 ஜனவரி 6 என்று காட்டும். அத்தனை வரிசையும் சிவந்து போகும். தேதி இருந்தால் மட்டும் கூட்டு என்று ‘இஃப்’ சேர்க்க வேண்டும். அடுத்தது ‘லொகேல்’, அதாவது எந்த நாட்டு வழக்கப்படி தேதியை எழுதுவது என்ற அமைப்பு. அது அமெரிக்காவாக இருந்தால் 5/3 என்று நீங்கள் எழுதும் மார்ச் 5, மே 3 ஆகிவிடும். ஃபைல் மெனுவின் செட்டிங்ஸில் இந்தியா என்று மாற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

கேள்விகளையும் சரியானவற்றையும் எழுதும் இரண்டு பத்திகளை விட்டுவிடாதீர்கள். ‘படித்தாயிற்று’ என்ற டிக் ஏமாற்றும். 20-க்கு 11 என்ற எண் ஏமாற்றாது. பொது அறிவில் எந்தப் பகுதிக்கு நாலாவது ரிவிஷன் தேவை என்று தீர்மானிக்க வேறு வழியும் இல்லை. ஷீட்டின் குறை, அது உங்களைக் கூப்பிடாது. திறந்து பார்த்தால்தான் உண்டு. போனின் சின்னத் திரையில் பத்து பத்திகளைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பதும் வேதனை. வாரம் ஒருமுறை கணினியில் பார்ப்பதே உத்தமம்.

ட்ரெல்லோ போன்ற பலகைச் செயலிகளையும் சிலர் சொல்வதுண்டு. ‘செய்ய வேண்டியது, நடப்பது, முடிந்தது’ என்று அட்டை நகர்த்தும் முறை, ஒருமுறை முடித்தால் முடிந்துபோகும் வேலைக்குச் சரி. இங்கே ‘முடிந்தது’ பத்திக்குப் போன பாடம் மூன்று முறை திரும்பி வர வேண்டும். தேவையில்லாத சுமை.

எதை எடுப்பது?

ஒன்றுதான் முடியும் என்றால் நோட்டு. இரண்டு வைத்துக்கொள்ளலாம் என்றால் ஷீட்டும் நோட்டும்: ஞாயிறு 20 நிமிடம் ஷீட்டைத் திறந்து, சிவந்த வரிசைகளையும் அடுத்த 4 துண்டுகளையும் நோட்டின் இடப்பக்கத்தில் எழுதிக்கொண்டு மூடிவிடுங்கள். வாரம் முழுக்க நோட்டு மட்டும். ஷிஃப்ட் மாறும் வேலையில் இருப்பவருக்கு நோட்டைவிடக் கேலண்டர் நல்லது. ஷிஃப்டை முதலில் நிரப்பி, மிஞ்சும் இடைவெளியில் படிப்பைப் பொருத்தலாம். மூன்றையும் சேர்த்து வைத்துக்கொள்வதை மட்டும் தவிருங்கள். ஒரே பாடத்தை மூன்று இடத்தில் குறிக்க வேண்டிவரும். இரண்டாவது வாரமே மூன்றும் மூன்று விதமாகச் சொல்லும்.

24 வாரம் இருக்கிறது என்றால், கடைசி 6 வாரம் ரிவிஷனுக்கும் மாதிரித் தேர்வுக்கும். மீதி 18 வாரத்தில் 72 துண்டுகள்தான் அடங்கும். 6 முதல் 10-ஆம் வகுப்பு வரையிலான புத்தகங்கள் எல்லாவற்றுக்கும் அது போதாது. தமிழை முதலில் வைத்து, மற்றதில் எதை விடுவது என்று இப்போதே ஷீட்டில் குறித்துவிடுங்கள். மாதிரித் தேர்வுக்கு 3 மணி நேரம், தவறுகளை அலச 2 மணி நேரம். ஆக அந்த ஒன்றே 5 மணி நேரம் எடுக்கும். அது இருக்கும் வாரத்தில் புதிய துண்டு எதுவும் வேண்டாம். தவறான ஒவ்வொரு கேள்விக்கும் படிக்கவில்லை, மறந்தது, அவசரம் என மூன்றில் ஒன்றை எழுதுங்கள். மறந்தது என்பவை மட்டும் ரிவிஷன் வரிசைக்குத் திரும்பும். அவசரத்தால் போனவை மறுபடி படித்துத் தீராது. அவற்றுக்கு அடுத்த தேர்வில் கடைசி 15 நிமிடத்தைச் சரிபார்க்க ஒதுக்க வேண்டும்.